சோர்ச்ச

என்னுடைய ஸ்கேன் படம்தான் இது. கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. இவ்வளவு பெரிய உறையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தால் யாருக்கு உடம்பு சரியில்லை என்று எதிரே இருப்பவர் கேட்கத்தான் செய்வார். எனக்குத்தான். பார்த்தால் தெரியவில்லை என்கிறீர்கள். தெரியாது. அதுதான் இந்த நோயின் குணம்.

நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்குகிற பெரிய ரத்தக் குழாய் இருக்கிறதே, பெருநாடி என்போம், அது எனக்குத் தொப்புளுக்கு மேலே ஓரிடத்தில் வீங்கி நிற்கிறது. பலூன் மாதிரி என்றார் டாக்டர். எனக்கு அந்த உவமை பிடிக்கவில்லை. பலூன் குழந்தைகளுடையது. இரையை விழுங்கிவிட்டு நகராமல் கிடக்கிற பாம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் அப்படித்தான் தெரிகிறது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. ஒரு நாள் வெடிக்கும். வெடித்துவிட்டால் ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறவர்கள் குறைவு. வெடிக்கும் முன்னால் சரி செய்ய இரண்டு வழி இருக்கிறது. இன்றைக்குத் திருவனந்தபுரம் போய், எந்த வழி என்று நான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வள்ளியூர் தாண்டிவிட்டது. இன்னும் முடிவாகவில்லை.

என் வீட்டுக்காரருக்கும் இதேதான். தொற்று நோயா என்று பார்க்காதீர்கள். அவர் எனக்கு அத்தை மகன். கோமதிநாயகம் என்று பெயர். பிறந்ததிலிருந்தே அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன், கட்டிக்கொண்ட பிறகும் அதே அத்தான். ஒரே ரத்தம். சொத்து வெளியே போய்விடக் கூடாது என்று செய்த கல்யாணம். இதுவும் வெளியே போகவில்லை.

அவருக்கு வேறு எதற்கோ வயிற்றில் ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது. எடுத்த பையன் முகம் மாறிப்போய் உள்ளே ஓடி இன்னொருவரைக் கூட்டி வந்தான். திருநெல்வேலி டாக்டர், இது பெரிதாக இருக்கிறது, திருவனந்தபுரத்துக்குப் போய்விடுங்கள் என்றார். அங்கே குறுப்பு டாக்டர் என்று ஒருவர், ரத்தக் குழாய்க்கென்றே படித்தவர்.

கிளம்புகிற அன்றைக்கு ஓமனா வந்து நின்றாள். ஓமனா என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. இரண்டு தெரு தள்ளி வீடு. கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கத்துப் பெண். "அக்கா, நானும் வரட்டா? எனக்கு அவிய பேச்சு நல்லா அறியும்லா" என்றாள். நான் வேண்டாம் என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவள் பேசுவது தமிழுமில்லை, மலையாளமுமில்லை. இரண்டுக்கும் நடுவில் சோதனைச் சாவடி மாதிரி ஒரு பேச்சு. நான் தமிழில் எம்.ஏ. வேலைக்குப் போகவில்லை, அது வேறு கதை. ஆனால் படித்தது எங்கே போகும்? மலையாளம் என்பது என்ன? நம்முடைய பழைய தமிழ்தான். நாம் மறந்துவிட்ட சொற்களை அவர்கள் இன்னும் வீட்டில் புழங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவே.

குறுப்பு டாக்டர் நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும். நல்ல மனிதர், ஆனால் ஒரு சொல்லில் தப்புச் செய்துவிட்டார். முதலில் எங்களிடம் ஆங்கிலமும் அரைகுறைத் தமிழுமாகத்தான் பேச ஆரம்பித்தார். அந்தத் தமிழைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கல்லில் செருப்பில்லாமல் நடக்கிறவரைப் பார்ப்பது போல. நான் சொன்னேன், "டாக்டர், நீங்க உங்க பாஷையிலேயே சொல்லுங்க. எனக்குப் புரியும். அது எங்க பாஷைக்கு மகதானே."

அவர் சிரித்துவிட்டார். "மகளோ? அனியத்தியோ?"

"தங்கச்சின்னே வச்சுக்கிடுங்க."

"அம்மைக்கு சரிக்கும் மனசிலாகுமோ?"

நன்றாகவே புரியும் என்றேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதன் பிறகு ஓர் ஆங்கிலச் சொல் கூட இல்லாமல், சுத்தமான மலையாளத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கேட்கவே அழகாக இருந்தது.

முதல் வழி வயிற்றைத் திறப்பது. "வயறு துறந்நு" என்றார். அத்தான் என் பக்கம் குனிந்து, "ஏளா, வயித்தத் துறக்கணுமா? என்னச் சாமியாராப் போகச் சொல்லுதாரா?" என்றார். எனக்குச் சிரிப்பு. துறந்நு என்றால் துறந்து இல்லை, திறந்து என்று சொல்லிக் கொடுத்தேன். பாருங்கள், ஓமனா வந்திருந்தால் இந்த நயமெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்குமா? வயிற்றைத் திறந்து, நாடியை மேலேயும் கீழேயும் கவ்வி நிறுத்திவிட்டு, வீங்கின இடத்தில் ஒரு துணிக் குழலைத் துன்னிச் சேர்ப்பார்களாம். துன்னுதல் என்றால் தைத்தல். பழந்தமிழில் தையற்காரருக்குத் துன்னர் என்று பெயர். அந்தச் சொல்லை ஒரு டாக்டர் வாயில் கேட்பேன் என்று நான் நினைக்கவில்லை. இந்த வழியில் முதலில் கஷ்டம் அதிகம். இதயமும் சிறுநீரகமும் தாங்க வேண்டும், மேஜையிலேயே போய்விடுகிறவர்களும் உண்டு, தேறி எழ மாதக்கணக்காகும். ஆனால் தேறிவிட்டால் தேறியதுதான். "ஆத்யம் கஷ்டம், பின்னே சுகம்" என்றார்.

இரண்டாவது வழியில் வயிற்றைத் தொடுவதே இல்லை. தொடையிடுக்கில் இரண்டு பக்கமும் சின்னத் துளை போட்டு, மடித்த குழலை நாடி வழியாகவே மேலே கொண்டுபோய், வீக்கத்துக்கு உள்ளே விரித்துவிடுவார்கள். ரத்தம் புதுக் குழலுக்குள் ஓடும். பழைய வீக்கம் வெளியே சும்மா கிடக்கும். சில நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். "ஆத்யம் சுகம், பின்னே எப்போழும் நோக்கணம்" என்றார். முதலில் சுகம், பிறகு எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் அத்தானுக்கு எல்லாம் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. முதல் வழியில் வயிற்றை மேலிருந்து கீழ் வரைக்கும் பிளப்பார்கள், ஓடுகிற ரத்தத்தை நெரித்து நிறுத்துவார்கள் என்றேன். இரண்டாவது வழியில் ஒரு மொட்டு மாதிரி உள்ளே போகும், போய் மலர்ந்துவிடும் என்றேன்.

அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்லுததப் பாத்தா ஒண்ணு கறிக்கடை, இன்னொண்ணு கல்யாண வீடுல்லா?"

"நானா சொல்லுதேன்? டாக்டர் சொல்லுதாரு."

"அவரு மனசுல எது?"

"உங்க இஷ்டம்ங்காரு."

அப்படித்தான் சொன்னார். உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது, உங்களுக்கு முதல் வழியும் தாங்கும் என்று இடையில் ஒரு வார்த்தை சொன்னார்தான். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குழம்பியிருப்பார். மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்துக் கணக்கெழுதினவர் அவர். இரண்டு பதில் உள்ள கேள்வியை அவரால் தாங்க முடியாது. அவரே முடிவு செய்தார். "அப்போ மொட்டையே வச்சிரச் சொல்லு" என்றார். முழுக்க அவர் முடிவு. நான் எதிலும் தலையிடவில்லை. எங்கள் வீட்டில் எதிலும் நான் தலையிட்டதில்லை.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. அதிலும் டாக்டரைக் குறை சொல்ல முடியாது. எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டார். வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் கட்டிலருகே வந்து என்னைப் பார்த்து, மிகவும் கவனமாகச் சொன்னார். எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. "அம்மே, அகத்து சோர்ச்ச உண்டோ என்னு எல்லாக் கொல்லமும் வந்நு நோக்கணம். மறக்கருது."

கொல்லம் என்றால் வருஷம். அது தெரியும். அகத்து என்றால் உள்ளே. நோக்கணம் என்றால் பார்க்கணும். மறக்கருது என்றால் மறக்கக் கூடாது. சோர்ச்ச.

நீங்களே சொல்லுங்கள், உங்களுக்கு என்ன தோன்றுகிறது? சோர்வு. எனக்கும் அப்படித்தான். உள்ளே சோர்வு இருக்கிறதா என்று வருஷா வருஷம் வந்து பார்க்க வேண்டும். நியாயம்தானே? உடம்புக்குள் புதிதாக ஒரு பொருளை வைத்திருக்கிறார்கள், சோர்வு வராதா? நான் அத்தானிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள், போய் ஸ்கேன் எடுத்தோம். எல்லாம் சரி என்றார்கள். அடுத்த வருஷம் தேதி வந்தபோது அத்தான்தான் சொன்னார். "சோர்வு இருக்கான்னு பாக்க அம்புட்டுத் தூரம் போகணுமா? இருக்குன்னு நானே சொல்லுதேன். சோர்வு இருக்கான்னு பாக்கப் போயி, சோந்து போயி வரணுமாக்கும்." எனக்கும் சரியென்று பட்டது. ரயிலில் போய், வரிசையில் காத்திருந்து, ஊசி மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்து, அதனால் வருகிற சோர்வே பெரிய சோர்வு. வீட்டில் நான் இருக்கிறேன். சோர்வைப் பார்த்துக்கொள்ள என்னை விடவா ஒரு மிஷின்?

பார்த்துக்கொண்டேன். அப்படிப் பார்த்துக்கொண்டேன், அம்மா. மாடிப்படி ஏற விடவில்லை. மத்தியானம் முருங்கைக்கீரைச் சாறு, சாயங்காலம் பனங்கற்கண்டு போட்ட பால். அதற்கு முன்னால் அவர் என் கையால் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தவரில்லை. தானே மொண்டு குடிப்பார். தன் துணியைத் தானே துவைப்பார். நல்ல குணம் என்று ஊரே சொல்லும். கூட இருக்கிறவளுக்குத் தெரியும், ஒருத்தியுடைய கை எதற்கும் தேவைப்படாத வீட்டில் அவள் எவ்வளவு தனியாக இருப்பாள் என்று. பிள்ளையும் புனேக்குப் போய்விட்டான். பிறகு நான் ஒருத்தி, என் புத்தகங்கள், பக்கத்து அறையில் செய்தி ஓடுகிற டி.வி.

சோர்வு வந்த பிறகு எல்லாம் மாறியது. சாயங்காலம் சாய்வு நாற்காலியில் கிடப்பார். ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல், "எதாவது படியேன்" என்றார். பேப்பரா என்று கேட்டேன். "பேப்பர் நான் பாத்துட்டேன். நீ என்னமோ எழுதுவியே, அது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கவிதை எழுதுவது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எழுதியதெல்லாம் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம். அதை எடுத்து வந்து படித்தேன்.  கல்லூரி மேடைக்குப் பிறகு யாருக்கும் படித்துக் காட்டியதில்லை.

கேட்டுவிட்டு, "மீட்டர் ஓடுதா?" என்றார்.

"ஓடுது."

"எத்தன யூனிட்டு?"

அதுதான் அவர் விமரிசனம். பிடித்திருந்தால் யூனிட் ஏறும், பிடிக்காவிட்டால் "இது வீட்டப் பூட்டிப் போட்டுட்டு ஊருக்குப் போயிருக்காம்" என்பார். ஒரு நாள் மழையைப் பற்றி ஒன்று படித்தேன். கேட்டுவிட்டு, "இதுக்கு பில்லு நம்மால கட்ட முடியாது" என்றார். எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

காலையில் மார்க்கெட்டுக்கு வேகமாகத்தான் நடந்து போவார். காய்கறிக்காரனோடு சண்டை போடுவார். தேங்காய் உரிப்பார். அப்போதெல்லாம் சோர்வு வராது. சாயங்காலம் நான் தாள்களை எடுக்கிற நேரத்துக்குச் சரியாக வந்துவிடும். "வடிவு, சோர்ச்ச வந்துட்டு" என்று கூப்பிடுவார். டாக்டரின் சொல்லையே சொல்லுவார், கேலியாக. நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். அந்த நோயின் போக்கு அப்படி, என்ன செய்வது.

இது இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்தது.

நாகர்கோவில் வந்துவிட்டதா? அந்தப் பையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள், ஏறுகிறவர்கள் மிதித்துவிடுவார்கள்.

கடைசி நாளிலும் அதே நாற்காலிதான். இன்றைக்குச் சோர்ச்ச கொஞ்சம் கூடுதல், முதுகு வலிக்கிறது என்றார். தைலம் தேய்க்கட்டுமா என்றேன். வேண்டாம், நீ படி என்றார். படித்தேன். இரண்டு பக்கம் படித்திருப்பேன். மீட்டர் ஓடுதா என்று கேட்கவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தால் முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்து... ஆம்புலன்ஸ் வந்தது. ஜங்ஷன் பாலத்தில் ஏறும்போது என் கையைப் பிடித்திருந்த பிடி விட்டுப் போயிற்று.

ஆஸ்பத்திரியில், உள்ளே வெடித்துவிட்டது என்றார்கள். எப்படி வெடிக்கும், அதற்குத்தான் குழல் வைத்தாயிற்றே என்றேன். கடைசியாக எப்போது ஸ்கேன் எடுத்தீர்கள் என்று கேட்டார்கள்.  சோர்வுக்கு யாராவது ஸ்கேன் எடுப்பார்களா?

பதினாறாம் நாள் எல்லாரும் போன பிறகு ஓமனா மட்டும் போகவில்லை. நான் தனியாகப் படுக்கக் கூடாது என்று முன்னறையில் பாயை விரித்துக்கொண்டு கிடந்தாள். ஐப்பசி மழை. ஒரு நாள் காலையில் அடுக்களையிலிருந்து கத்தினாள். "அக்கா, இஞ்ச ஓடு சோருது கேட்டியளா. ஒரு வாளி எடுங்க."

"ஓடு எப்படிச் சோரும்? அது என்ன வேலைக்குப் போயிட்டா வந்திருக்கு?" என்றேன். எனக்கு அவள் பேச்சைத் திருத்துகிற பழக்கம் உண்டு.

"சோருதுன்னா ஒழுகுதுக்கா. மழைத் தண்ணி உள்ள எறங்குது. எங்க ஊருல அப்பிடித்தாம் சொல்லுவாவ. மேக்க மலையாளத்துப் பக்கம் போனா சோர்ச்சம்பாவ."

வாளியை எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன். அது எனக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு எவ்வளவு நேரம் அந்த அடுக்களையில் நின்றேன் என்று தெரியாது. சொட்டுச் சொட்டாக வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

சோர்தல். சோர்தல் என்றால் ஒழுகுதல். எனக்கா தெரியாது? கண்ணீர் சோர நின்றாள், குருதி சோர வீழ்ந்தான். எத்தனை இடத்தில் படித்திருக்கிறேன். நானே எழுதியிருக்கிறேன், கண்ணீர் சோர என்று. அத்தானுக்கு அதைப் படித்தும் காட்டியிருக்கிறேன். உள்ளே கசிவு இருக்கிறதா என்று வருஷா வருஷம் வந்து பார்க்க வேண்டும். அதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். புதுக் குழலுக்கும் பழைய சுவருக்கும் நடுவில் ரத்தம் கசிந்து, பழைய வீக்கத்தில் மறுபடி தேங்கலாம். கண்டுபிடித்தால் அடைத்துவிடலாம்.

லீக் என்று ஒரு சொல். சொல்லியிருக்கலாமே? கேஸ் லீக், குழாய் லீக், பரீட்சைத் தாள் லீக். தெருவில் பால் பாக்கெட் விற்கிறவன் வாயிலும் உள்ள சொல். இவ்வளவு படித்த டாக்டர் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டார். அதனால் ஒரு உயிர் போயிற்று. யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. மகனிடம் சொல்லவில்லை. ஓமனாவிடம் சொல்லவே இல்லை. அன்றைக்கே, இனி நான் தனியாக இருந்துகொள்வேன் என்று அவளை அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவள் குரலில் அந்தச் சொல் மறுபடி வந்துவிடுமோ என்று இருந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு போனாள். இப்போதும் மத்தியானம் கிண்ணத்தில் எதையாவது கொண்டுவந்து வைப்பாள். கதவு பூட்டியிருந்தால் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவாள்.

ரத்த உறவுகள் எல்லாரும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருநெல்வேலியில் சொல்லியிருந்தார்கள். மனைவி எப்படி ரத்த உறவாவாள் என்று யாரும் என்னை நினைக்கவில்லை. நானே போய் எடுத்தேன். இருக்கிறது.

போன மாதம் குறுப்பு டாக்டரிடம் தனியாகப் போனேன். அத்தான் போய்விட்டதை அவரிடம் சொன்னேன். அத்தானுடைய பழைய ஸ்கேன் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லா வருஷமும் வரச் சொன்னேனே, அம்மா" என்றார். இந்த முறை தமிழில்.

"நீங்க சோர்ச்சன்னு சொன்னீங்க. லீக்னு சொல்லலை."

 அவருக்கு என்ன விளங்கியதோ, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு மெதுவாக, "அம்மையல்லே பறஞ்ஞது, மலையாளம் மதி என்னு?" என்றார். நீங்கள்தானே மலையாளம் போதும் என்றீர்கள் என்று. டாக்டர்கள் ஒரு நாளும் தங்கள் தப்பை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கவனித்திருக்கிறீர்களா?

இன்னொன்றும் கேட்டேன். அந்தக் கசிவினால்தான் சாயங்காலமெல்லாம் சோர்வு வந்ததா என்று. இல்லை என்றார். உள்ளே கசிந்தால் உடம்புக்கு ஒன்றுமே தெரியாது, சோர்வு வராது, அதனால்தான் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வது என்றார். அப்படியானால் அத்தானுக்கு இரண்டு வருஷம் வந்த சோர்வு எதனால் என்றேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் இவர்களுக்குத் தெரிந்துவிடுகிறதா என்ன? நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். ஒரு நாள் தவறாமல் வந்தது.

பிறகு எனக்கு இரண்டு வழியையும் சொன்னார், ஆங்கிலத்தில், தாளில் படம் வரைந்து. எனக்கு வயதாகிவிட்டது, குழல் வழியே மேல் என்பது அவர் எண்ணம். திறப்பதும் முடியாததில்லை, ஆனால் என் வயதுக்கு ஆபத்து கூடுதல். மகனிடம் ஃபோனில் சொன்னேன். அவன் எங்கெங்கோ படித்துவிட்டு, ஆரம்ப வருஷங்களில் குழல் வைத்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள், போகப் போக இரண்டும் சமமாகிவிடுகிறது, ரொம்ப வருஷம் போனால் தைத்துக்கொண்டவர்கள்தான் தேவலை என்று இருக்கிறதும்மா என்றான். "நீயே யோசிச்சுச் சொல்லு. நான் எப்படியாவது லீவு போடப் பாக்கேன்." பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு தாய்க்குத் தெரியாதா. இன்றைக்கு டாக்டரிடம் போகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

உங்களிடம் பேசிக்கொண்டு வந்ததில் எனக்கு இப்போது தெளிந்துவிட்டது. தைத்துவிடச் சொல்லப் போகிறேன். ஆமாம், வயிற்றைத் திறந்து. ஏன் என்கிறீர்கள். குழல் நல்லதுதான். ஆனால் அதை ஆயுசுக்கும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேதி வந்ததா, கூட்டிப் போக வேண்டுமா, சரியாக இருக்கிறதா என்று. வீட்டில் இன்னொருவர் இருக்கிறவர்களுக்கு அது. அத்தானுக்கு நான் இருந்தேன். எனக்கு யார்? எனக்குத் தையல்தான் சரி. போனால் ஒரேயடியாகப் போகும், தைத்துவிட்டால் பிறகு யாரும் பார்க்க வேண்டியதில்லை.

பாறசாலை போய்விட்டது பாருங்கள். இனிக் கொஞ்ச நேரம்தான்.

ஒன்று மட்டும் இருக்கிறது. உள்ளே போனதும், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். போன மாதம் கேட்டபோது, மருமகள் கார் நிறுத்தப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். மருமகள் புனேயில் இருக்கிறாள், அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இன்றைக்கு அப்படிச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆபரேஷனென்று பேச்சு வந்துவிட்டால் கூட ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் மேலே பேசுவார்கள். ஓமனாவா? அவளிடம் சொன்னால் அடுத்த வண்டியில் வந்து நிற்பாள், அதனால்தான் சொல்லவில்லை. ஒரு டாக்டர் முன்னால் அவளை எப்படி உட்கார்த்தி வைப்பது?

உங்கள் மகளுக்குச் சாயங்காலம்தான் காலேஜ் விடும் என்றீர்களே. அது வரைக்கும் ஸ்டேஷனில்தானே இருக்கப் போகிறீர்கள்? ஆஸ்பத்திரியில் ஃபேன் உண்டு, நல்ல நாற்காலி உண்டு. என்னோடு கொஞ்சம் உள்ளே வந்து உட்கார முடியுமா? நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். சும்மா பக்கத்தில் இருந்தால் போதும். பேசுவதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.